கூப்பிட்டால் வராத பூனை

கேள்வி: எங்கள் பூனையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்டுகொள்வதே இல்லை. நாய்க்கு இருக்கும் அறிவு பூனைக்குக் கிடையாதா? பழக்கவே முடியாதா?

பதில்: காதில் விழுகிறது, வர மனமில்லை, அவ்வளவுதான். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வேறு சில சொற்களை வரிசையாகச் சொல்லிவிட்டுப் பெயரைச் சொன்னதும் வீட்டுப் பூனைகள் பலவும் காதையோ தலையையோ அசைத்தன. அந்நியர் குரலுக்கும் அப்படியே. எழுந்து வந்தவைதான் அபூர்வம்.

1898-இலேயே அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், பசித்த பூனைகளைப் பெட்டிகளில் அடைத்துப் பார்த்தார். கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும், வெளியே மீன். முதலில் முட்டி மோதிப் பிறாண்டியவை, திரும்பத் திரும்ப அடைபட்டதும் நேராக வளையத்துக்கே போயின. பாவம், மீனுக்காக எத்தனை பாடு!

உங்களுக்கும் அந்த வழிதான். பசி நேரத்தில் பெயரைச் சொல்லுங்கள்; வந்த நொடியே உப்பில்லாமல் வேகவைத்த மீனோ கோழியோ ஒரு துணுக்கு. சில நிமிடங்களோடு நிறுத்திவிடுங்கள், சலித்தால் நடையைக் கட்டிவிடும். அடித்தால் உங்களைக் கண்டு ஓடத்தான் கற்கும். ஒன்று முக்கியம்: குளிப்பாட்டவும் ஊசி போடவும் பிடிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.