தேசியத் தொலைக்காட்சியில் ஒரு நாள்

தொலைக்காட்சியை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும், அதன் ஒரு நாள் எவ்வாறு பகுக்கப்படுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஆடலும் பாடலும் வந்தால் அமர்கிறோம். வேற்று மொழி வந்தால் எழுந்து போகிறோம். ஆகவே, இம்முறை அந்த நிகழ்ச்சி நிரலையே நமக்குப் பாடமாகக் கொள்வோம்.

நம் நாட்டில் தொலைக்காட்சிச் சேவை 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. கோலாலம்பூர் அம்பாங் சாலையிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில், அன்றைய பிரதமர் துங்கு அவர்களே அதனைத் தொடக்கி வைத்தார். 1969இல் அது அங்காசாபுரிக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 17ஆம் நாள் இரண்டாம் அலைவரிசையும் பிறந்தது. அங்காசா என்பது நம் ‘ஆகாயம்’ என்னும் சொல்லுக்கு உறவு. புரியும் நமக்குப் புதிதன்று. மலாய்மொழியும் தமிழும் வடசொற்களைக் கடன் வாங்கிய விதத்தை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைத்ததில்லை.

படம் எவ்வாறு வீடு வந்து சேர்ந்தது என்பதையும் அறிய வேண்டும். பழைய முறையில், நாம் ஒரே படமாகக் கண்டது உண்மையில் 625 கோடுகளால் ஆனது. ஒரு வினாடிக்கு இத்தகைய 25 படங்கள் அடுத்தடுத்து வந்தமையால், நம் கண் அவற்றை அசைவாகக் கண்டது. அவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆதலால் உயரமான மலைகளில் அஞ்சல் நிலையங்கள் அமைத்தனர். சிரம்பானுக்கு அப்பாலுள்ள தெலாப்பாக் பூரோக் மலையில் நிற்கும் கோபுரங்கள் இப்பணிக்கு உரியவை. மம்பாவ் வட்டாரத் தோட்டங்களிலோ இடையில் குன்றும் மரமும் மறைக்கும். எனவே நீண்ட மூங்கில் கழியில் ‘ஏரியலை’க் கட்டி நிறுத்துவர். காற்றடித்து அது திரும்பிவிட்டால் திரையில் பனி கொட்டும். வெளியே ஒருவர் கழியைத் திருப்ப, உள்ளிருந்து மற்றொருவர் “போதும், போதும்” என்று கூவுவார்.

1970ஆம் ஆண்டுகளில் லயத்து வீடுகள் பலவற்றிற்கு மின்வசதி மாலையில் சில மணி நேரமே கிடைத்தது. தோட்டத்து இயந்திரம் ஓடும் வரை வெளிச்சம். அது நின்றால் மண்ணெண்ணெய் விளக்கு. பெட்டி உள்ள வீடுகளும் சிலவே. அந்த வீட்டு வாசலிலோ மன்றத்திலோ பாய் விரித்து, பால்மரம் வெட்டுவோரும் கிராணியின் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்தனர். வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பர் 28ஆம் நாள்தான் தொடங்கியது. அதுவரை எல்லாம் கறுப்பு வெள்ளையே.

அக்காலத்து ஒரு நாள் ‘நெகாராக்கூ’ பண்ணுடன் தொடங்கும். சிறுவர்க்கான கேலிச்சித்திரம் ஒன்று, அந்திவேளையில் தொழுகை அழைப்பு, பின்னர்ச் செய்திகள், மலாய் நாடகம், ஆங்கிலத் தொடர், சீன நிகழ்ச்சி எனப் பலவும் மாறி மாறி வரும். இரவு மீண்டும் ‘நெகாராக்கூ’ ஒலித்துத் திரை வெறுமையாகும். பல இனத்தார் வாழும் நாட்டில் நேரமும் ஒரு பொதுச்சொத்து. அதைப் பங்கிடுவது எளிதன்று. தமிழுக்கு வாய்த்தது செய்தியும், சில கலை நிகழ்ச்சிகளும், அவ்வப்போது ஒரு திரைப்படமும். இது போதாது என்று நம் பெரியோர் குறை கூறியதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: படத்திற்குக் கூடிய கூட்டம் செய்திக்குக் கூடவில்லை.

அந்தச் செய்தியோ நமக்கு ஒரு வகுப்பறை. நாடாளுமன்றம், அமைச்சரவை, வரவு செலவுத் திட்டம் ஆகிய சொற்களைப் பாடநூலில் காணுமுன்பே காதால் கேட்டு அறிந்தோம். ழகரமும் ளகரமும் பிசகாமல் பேசுவோரைத் தோட்டத்துப் பிள்ளை வேறெங்கே கேட்பான்? இரண்டாம் அலைவரிசையில் தமிழ்ச் செய்தி இன்றும் உண்டு. தமிழ்ப் படத்தின் அடியில் ஓடிய மலாய் எழுத்துகளும் சும்மா இருக்கவில்லை. அண்டைக் கம்பத்து மக்கள் அவற்றைப் படித்துக் கதையறிந்தனர். நம் பிள்ளைகளோ கதையை முன்பே அறிந்துகொண்டு, அவற்றால் மலாய்ச் சொற்களைக் கற்றனர். மலாய் நாடகத்தை விடாது பார்த்த பிள்ளைகள் தேசிய மொழிக் கட்டுரையில் சரளமாக எழுதியதை நாம் வகுப்பில் கண்டிருக்கிறோம்.

பள்ளிகளுக்கென்றே கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் 19ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் அருமை பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் புலப்பட்டது. 2020 மார்ச் 18ஆம் நாள் கொவிட் பெருந்தொற்றினால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. இணையமும் கணினியும் உள்ள வீட்டில் பாடம் தொடர்ந்தது. ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்ற வீட்டில் பிள்ளை என் செய்வான்? ஏப்ரல் மாதம் முதல் டிவி ஓக்கே அலைவரிசையில் பாடங்கள் ஒளியேறின. 2021 பிப்ரவரி 17ஆம் நாள் கல்விக்கெனத் தனி அலைவரிசையே தொடங்கியது. ஆசிரியரைக் கேள்வி கேட்க அதில் வழியில்லை என்பது உண்மையே. எனினும் இணையக் கட்டணமின்றி வீட்டுக்குள் வந்த ஆசிரியர் அது.

2019இல் பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, எண்முறை ஒளிபரப்பு வந்தது. படம் இப்போது தெளிவாக விழுகிறது. மூங்கில் கழிக்கு அருகில் நின்று கூவ வேண்டியதில்லை. அலைவரிசைகள் பெருகி, இரவு முழுவதும் ஒளிபரப்பு நீள்கிறது. முன்பு திரை தானே அணைந்து நம்மை உறங்க அனுப்பியது. இன்று அணைக்கும் வேலை நம்முடையது. இதைப் பெற்றோர் சற்றே கவனித்தல் வேண்டும். வீட்டுப்பாடம் முடியுமுன் பெட்டியைத் திறந்தால் அவ்வீட்டுப்பாடம் பெரும்பாலும் மறுநாள் காலையில் பள்ளி வாசற்படியில்தான் எழுதப்படுகிறது.

இனிப் பயிற்சி. நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை பயிலும் மாணவர்கள் ஒரு வாரத்திற்குத் தமிழ்ச் செய்தியை முழுமையாகக் கேளுங்கள். நாளொன்றுக்கு ஐந்து புதுச்சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி, அகராதியில் பொருள் காணுங்கள். அதே செய்தியை மலாய்மொழியிலும் கேட்டு, அச்சொற்களுக்கு நேரான மலாய்ச் சொற்களைப் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டில் பெட்டி பழுதாயிருப்பவர்கள் வானொலிச் செய்தியைக் கேட்கலாம். குறிப்பேடுகளைத் திங்கட்கிழமை காலையில் வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள்.