அற்றோணி யாருக்கு?

கேள்வி: வேலைக்குக் குவைத் போகிறேன். வங்கி அலுவல்களைப் பார்க்க அண்ணன் அற்றோணித் தத்துவம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கொஸ்லந்த

பதில்: கேட்பவருக்கே கொடுக்க வேண்டுமென்று இல்லை, தங்கச்சி. சீட்டுக் காசைக் கணக்குப் பிசகாமல் வைத்திருப்பவர் யார் என்று பாருங்கள். கடனில் மூழ்கியவர் நல்லவரானாலும் வேண்டாம்.

பொது அற்றோணி எழுதினால் உங்கள் சொத்தை விற்கும் அதிகாரமும் அதிலேயே போய்விடலாம். இன்ன கணக்கு, இன்ன வேலை என்று குறிப்பிட்டு விசேட அற்றோணி எழுதினால் போதும். லயக் காம்பராவுக்கு உங்கள் பெயரில் உறுதி இல்லையென்றால், அதை எந்த அற்றோணியாலும் விற்க முடியாது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அற்றோணியும் செல்லாது. பலருக்கு இது தெரிவதில்லை.

பத்திரம் சிங்களத்தில் இருந்தால், நொத்தாரிசைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளங்கிய பிறகு கையெழுத்திடுங்கள். பிரதி ஒன்றை வெளியூரிலும் வையுங்கள். 2014 மீரியபெத்த மண்சரிவில் வீடுகளே புதைந்தன.