பிறநாட்டு அளவையும் நம்நாட்டு வீதியும்

வடசொல் தமிழில் வழங்க வேண்டுமாயின், வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. சொல்லை விலக்க வேண்டுவதில்லை. அதனை நம் நாவிற்கு இசைவித்தலே வேண்டுவது. இவ்விதி மொழிக்கு மட்டுமன்றித் தொழிற்கலைக்கும் பொருந்தும் என்பதைக் கொங்கிறீற்று வீதியைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கிண்ணியாவில் வாழ்வோர்க்கு வீதியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திருகோணமலைக்குச் செல்ல நெடுங்காலம் துறையிற் காத்திருந்து பாதையேறிக் கடந்தவர்கள் நாம். 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் 396 மீற்றர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்டபின் அந்நிலை மாறிற்று. ஒழுங்கைகள் பலவும் கொங்கிறீற்று வீதிகளாயின. இவை நிலைத்து நிற்குமா என்பதே வினா. தார் வீதி பழுதுற்றால் குழியை நிரப்பிச் சமாளிக்கலாம்; கொங்கிறீற்றுப் பலகை பிளந்தாலோ, பெரும்பாலும் அதனை உடைத்தெடுத்தே மீண்டும் இடல் வேண்டும். வறிய நாட்டிற்கு இஃது இருமுறைச் செலவாகும்.

கொங்கிறீற்று அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவையை அவ்வாறு தாங்காது. சில்லு ஏறும்போது பலகை சிறிது வளைகின்றது. வளையும் பக்கத்தில் இழுவை தோன்றுகின்றது. டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வெஸ்ரர்காட் என்னும் அறிஞர், பாரம் பலகையின் நடுவிலும், விளிம்பிலும், மூலையிலும் நிற்கும்போது உண்டாகும் தகைப்பைக் கணிக்கும் முறையை 1926இல் வெளியிட்டார். இக்கணிதம் எந்நாட்டிற்கும் பொது.

பின்னர் அமெரிக்காவின் இலினோயி மாநிலத்தில், ஒட்டாவா என்னும் ஊரருகே, 1958 முதல் 1960 வரை ஒரு பெருஞ்சோதனை நிகழ்ந்தது. சோதனைத் தடங்களில் லொறிகளை ஓயாது ஓட்டி, அச்சுப் பாரம் பதினொரு இலட்சம் தடவைக்கு மேல் ஏறியிறங்கச் செய்தனர். பாரம் இருமடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்னும் பேருண்மை அதனாற் பெறப்பட்டது. அதிலிருந்து பிறந்த சூத்திரம் உலகெங்கும் பரவிற்று. ஆயினும் அச்சோதனை நிகழ்ந்த மண் ஒருவகை; காலம் ஈராண்டு; நிலமோ குளிர்காலத்தில் உறைந்து வேனிலில் இளகுவது. நம் மண் உறைவதில்லை. நமக்குப் பகை வெயிலும் வாடைக்கால மழையுமே.

நண்பகலில் பலகையின் மேற்புறம் காய்ந்து விரியும், அடிப்புறம் குளிர்ந்திருக்கும். பலகை நடுவுயர்ந்து வளைய முயலும். அதன் எடையே அதைத் தடுக்கும். ஆகவே அடிப்புறத்தில் இழுவை உண்டாகின்றது. அவ்வேளையில் விளிம்பில் லொறி ஏறினால் இரு தகைப்புகளும் ஒன்றாகும். எனவே மேலுக்கும் அடிக்குமுள்ள வெப்ப வேறுபாட்டை அந்தந்த நாட்டிலேயே அளந்தறிதல் இன்றியமையாதது.

இதனை இந்திய நாட்டவர் நன்கு உணர்ந்தனர். இந்திய வீதிக் காங்கிரஸ் தன் கொங்கிறீற்று வீதி வழிகாட்டியை 1974இல் வெளியிட்டது. வெஸ்ரர்காட்டின் கணிதத்தை அவர்கள் கைவிடவில்லை. வெப்ப வேறுபாட்டை மட்டும் தம் நாட்டுப் பகுதிகளுக்கேற்ப வகுத்துக்கொண்டனர். அங்கு அக்காலத்தில் அனுமதிக்கப்பட்ட ஒற்றை அச்சுப் பாரம் 8,160 கிலோகிராம். இஃது அமெரிக்க வழக்கிலுள்ள 18,000 இறாத்தலுக்கு ஏறத்தாழச் சமம். 1983இல் அவ்வரம்பு 10,200 கிலோகிராமாக உயர்ந்தது. 1988இல் வழிகாட்டியும் திருத்தப்பட்டது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம், வீதியில் உண்மையாக ஓடும் அச்சுப் பாரங்கள் அனைத்தினதும் திரண்ட சேதத்தைக் கணக்கிற் கொண்டது. விதியை ஏற்று எண்ணை மாற்றியமையே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

நம்மூர்க்கு வருவோம். கரையோர மணலில் இட்ட பலகையின் ஓரத்து மண்ணை மழைநீர் அரித்துச் செல்லுமாயின், விளிம்பு தாங்கலின்றி நிற்கும். அவ்விளிம்பில் மணல் ஏற்றிய லொறி ஏறினால் வெடிப்பு நேர்வதில் வியப்பில்லை. ஆதலின் ஓரமண்ணை இறுக்கிக் காத்தலும், நீர் வடிய வழி செய்தலும், பலகையின் தடிப்பைப் போலவே முதன்மையானவை. உவர்நீரையும் கழுவாத கடல்மணலையும் கலவையிற் சேர்த்தால் மூட்டுகளிலுள்ள இரும்புக் கம்பிகள் துருப்பிடிக்கும். சுருக்க மூட்டுகளை உரிய நேரத்தில் வெட்டாவிடின் கொங்கிறீற்று தானே வேண்டாத இடத்திற் பிளந்துகொள்ளும். இட்ட பின் பல நாள் ஈரங்காத்தல் நம் வெயிலில் மிகமிக வேண்டப்படுவது.

மாணவர்களே, இவற்றுட் பல நீங்களும் அளந்தறியக் கூடியவை. வீதியோரத்திலிருந்து லொறிகளை வகைப்படுத்தி எண்ணலாம். மாரியிலும் கோடையிலும் கிணற்று நீர்மட்டத்தைக் குறிக்கலாம். நண்பகலிலும் விடியலிலும் வீதிமேற்பரப்பின் வெப்பநிலையைப் பதியலாம். எந்த மூட்டில் எந்த மாதத்தில் வெடிப்புக் கண்டது என்பதை ஆண்டுதோறும் எழுதிவைக்கலாம். பொறியியல் பயின்று உயர்பதவியிலுள்ள பழைய மாணவர்கள் இம்முயற்சிக்கு வழிகாட்டுவாராயின், நம்மூர் வீதிக்கு வேண்டிய எண்கள் நம்மூரிலேயே பிறக்கும்.