அந்த எண் எதை அளக்கிறது?

அன்புள்ள இளம் கதிரியல் மருத்துவருக்கு,

மூளைக்கட்டி நோயாளிகளின் எம்ஆர்ஐ படங்களில் கழிவு வெளியேற்றத்தை அளக்கப் புறப்பட்டிருக்கிறீர்கள். உழைக்கத் தகுந்த துறைதான். ஆனால் கைக்கு வரும் எண்ணின் தலையில் அது தாங்காத பொருளை ஏற்றிவிடாதீர்கள்.

மூளைத் தண்டுவட நீர் தமனிகளை ஒட்டிய இடைவெளி வழியே மூளைக்குள் புகுந்து கழிவை வெளியே கொண்டுபோவதை 2012-இல் இலிஃப், நெடர்கார்ட் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். மனிதரில் ஊசியே போடாமல் இதைக் கணிக்க 2017-இல் ஜப்பானின் தாவோக்கா குழு முன்வைத்தது ஆல்ப்ஸ் குறியீடு. பக்க வென்ட்ரிக்கிளின் மட்டத்தில் நுண்சிரைகள் இடவலமாக ஓடுகின்றன. நரம்பிழைகளில் ஒரு கட்டு மேல்கீழாக, இன்னொன்று முன்பின்னாக. சிரைகளின் திசையில் நீர் நகரும் அளவை, சிரைக்கும் இழைக்கும் குறுக்கான திசையில் நகரும் அளவால் வகுக்கிறோம். அழகான யோசனை. அதன் பலம் முழுவதும் இந்த வடிவ ஒழுங்கில்தான் இருக்கிறது.

கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி குலைப்பதும் அந்த ஒழுங்கையேதான். கட்டி தள்ளத் தள்ள இழைகள் வளைகின்றன, வென்ட்ரிக்கிள் நசுங்குகிறது, சுற்றுவீக்கத்தில் நீர் எல்லாப் பக்கமும் தாராளமாக நகர்கிறது. அப்போது விகிதம் 1-ஐ நோக்கி இறங்கும். கழிவுப்பாதை அடைபட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

'கட்டியுள்ள பக்கம் குறியீடு குறைகிறதே, நோயின் போக்கைக் கணிக்கவும் உதவுகிறதே' என்பீர்கள். உதவட்டும். கணிக்க உதவுவது காரணத்தைக் காட்டியதாகாது: வீக்கம் ஒன்றே குறியீட்டையும் இறக்கி, நோயாளியின் நிலையையும் மோசமாக்கலாம். எதிர்ப்பக்கத்தில் அளப்பது மேல். ஆனால் நடுக்கோடு விலகியிருந்தால் அங்கேயும் அழுத்தம் உண்டு. ஆஸ்லோவில் ரிங்ஸ்டாட், எய்டே செய்ததுபோல முதுகுத்தண்டு நீரில் காடோலினியம் என்ற சாயத்தைச் செலுத்திப் பல மணி நேரம் தொடர்ந்து படமெடுத்தால் சாயத்தின் பாதையே தெரியும். மண்டைக்குள் அழுத்தம் ஏறியவருக்கு முதுகில் ஊசி குத்துவது ஆபத்து என்பதால்தான் ஆல்ப்ஸ் நம்மை இழுக்கிறது. வேறு வழி இல்லை என்பது அந்தக் குறியீடு சரி என்பதற்குச் சான்றாகிவிடாது.

ஆகவே அளக்கும் இடத்தில் வட்டம் போடும் முன், இழைகளின் திசையைக் காட்டும் நிற வரைபடத்தைப் பாருங்கள். மேல்கீழ் இழையின் நீலமும் முன்பின் இழையின் பச்சையும் அதனதன் இடத்தில் தெளிவாக இருக்கின்றனவா? நீலம் நழுவியோ வெளிறியோ இருந்தால் அந்த நோயாளியைக் கணக்கிலிருந்து விலக்கி, எத்தனை பேரை விலக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். வீக்கத்தின் கனஅளவைக் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே கொடுங்கள். முடிவில் 'ஆல்ப்ஸ் விகிதம் குறைவு' என்று எழுதுங்கள். 'கழிவு வெளியேற்றம் குறைவு' என்று எழுதாதீர்கள். 2005-இல் வெளிவந்த ஸ்டுப் ஆய்வில், கிளையோபிளாஸ்டோமாவுக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மருந்தும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாளே 14.6 மாதம். அவ்வளவு குறுகிய காலமுள்ளவர்களை, நாம் அவசரப்பட்டு எழுதிய ஒரு வரியை நம்பி மருந்துச் சோதனைக்கு அழைத்துவிடக் கூடாது.