பலகை ஆடும் சார்!

ஒன்பதாம் வகுப்புக்குத் தொழிற்புரட்சி பாடம் நடத்தும்போதெல்லாம் நீராவி எந்திரம், நூற்பாலை, ஜேம்ஸ் வாட் என்று சொல்லிக்கொண்டே போவேன். பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். இந்த முறை ஓர் ஓவியத்தை வைத்துத் தொடங்கிப் பார்த்தேன். பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1875-இல் வரைந்த, நிலக்கரி இறக்கும் தொழிலாளர்களின் ஓவியம் அது. இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

தலைப்பைச் சொல்லாமல் திரையில் காட்டி, ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது என்றேன்.

பாரிஸை ஒட்டிய அஸ்னியேர் பகுதியில் ஓடும் சேன் ஆறு. கரையோரம் சரக்குப் படகுகள். படகிலிருந்து கரைக்கு ஒடுங்கிய பலகைகள். அவற்றின் மேல் கூடையில் கரி சுமந்து சிலர் ஏறுகிறார்கள். வெறுங்கூடையோடு சிலர் திரும்புகிறார்கள். பின்னால் ஒரு பாலம், அதற்கு அப்பால் ஆலைப் புகைபோக்கிகள். மோனே என்றாலே தோட்டமும் அல்லிக்குளமும்தான் நினைவுக்கு வரும். உழைப்பவர்களை அவர் இப்படி முதன்மைப்படுத்தி வரைந்தது அபூர்வம்.

“முகமே இல்லையே சார், முடிக்காம விட்டுட்டாரா?” என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. 1874-இல் இந்த ஓவியர்கள் முதன்முதலாகச் சேர்ந்து கண்காட்சி வைத்தபோது, ஒரு விமர்சகர் ஏறக்குறைய இதையே சொல்லித்தான் கேலி செய்தார். ‘இம்ப்ரஷனிஸ்ட்’ என்ற பெயரே அந்தக் கேலியில் ஒட்டிக்கொண்டதுதான். அந்த நேரத்து ஒளியில் கண்ணுக்குப் பட்டதைப் பிடிப்பதே அவர்கள் நோக்கம் என்று விளக்கினேன்.

அடுத்து, “ஆட்கள் ஏன் இடைவெளி விட்டு நடக்கிறார்கள்?” என்று கேட்டேன். ஓவியத்தின் தாள லயம் பற்றிப் பேசத்தான் அந்தக் கேள்வி. கடைசி பெஞ்சிலிருந்து, வகுப்பில் வாயே திறக்காத பையன் சொன்னான்: “பக்கத்துல பக்கத்துல போனா பலகை ஆடும் சார். லோடோட விழுந்துடுவாங்க.” அவன் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். இரண்டு ஆண்டுகளாக அவனுக்குப் பாடம் எடுக்கிறேன். அன்றுதான் எனக்கே தெரியும்.

நான் தயாரித்து வைத்திருந்த தாள லயத்தை அப்படியே விட்டுவிட்டேன். ஆலையை ஓட்டும் எந்திரத்துக்கு வேண்டிய கரியை எந்திரம் இறக்கவில்லை, மனிதன்தான் சுமந்து இறக்கினான் என்பதைப் பிள்ளைகளே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். பாடநூலில் மூன்று பக்கம் புரட்டி நான் சொல்லியிருக்க வேண்டியது அது.

மறுநாள் அந்தப் பையன் ஒரு படம் வரைந்து வந்தான். லாரி, பலகை, மூட்டையோடு ஒருவர். முகம் எங்கே என்றேன். “மூட்டை மறைக்குது சார்.”

முயன்று பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று: படத்தைப் பெரிதாகத் திரையில் காட்டுங்கள். கைபேசியில் காட்டினால் வெறுங்கூடைக்காரர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.