‘டோன்ட் க்ரை’ ஆறுதலா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

புசல்லாவைக்கு ஆங்கிலம் புதிதல்ல. 1841இல் வோர்ம்ஸ் சகோதரர்கள் ரொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்து கோப்பி நட்டபோதே அது மலையேறிவிட்டது. ஆனால் தொழிலாளியின் காதில் விழுந்ததெல்லாம் வேலை வாங்கும் ஆங்கிலம். ‘பரேட்’ பெரட்டாயிற்று. செக்ரோல், ஸ்டோர், டிஸ்பென்சரி எல்லாம் லயத்துப் பேச்சில் குடியேறின. கட்டளைக்கும் கணக்குக்கும் சொல் வந்தது. அழுகிறவரைத் தேற்றுவதற்கு ஒன்றும் வரவில்லை.

இன்று அந்தச் சொற்கள் தேவைப்படுகின்றன. நம் பிள்ளைகள் கண்டி–நுவரெலியா வீதி ஹோட்டல்களிலும் கொழும்பு அலுவலகங்களிலும் வளைகுடா வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால், இருவருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை ஆங்கிலம் மட்டுமே. அந்த நேரத்தில் வாயடைத்து நிற்பதற்குக் காரணம் மொழி தெரியாமை என்று நினைக்கிறோம். பல சமயம் காரணம், மொழியைப் பற்றி நாம் வைத்திருக்கும் தவறான நம்பிக்கைகளே.

நம்பிக்கை: இலக்கணம் பிழைத்தால் அவமானம், நன்றாகப் பேச வந்தபின் ஆறுதல் சொல்லலாம்.

துக்கத்தில் இருப்பவர் யாருடைய இலக்கணத்துக்கும் புள்ளி போடுவதில்லை. ‘ஐ ஆம் சோ சொரி’, ‘ஐ ஆம் ஹியர்’, ‘டு யூ வோன்ட் டு டோக்?’ என்ற மூன்றையும் ஒரு மாலை நேரத்தில் மனனம் செய்துவிடலாம். நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பேன்: ‘டிட் யூ ஈட்?’ ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இதை ஆறுதல் வாக்கியம் என்று சொல்லித்தர மாட்டார்கள். ஆனால் சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்து பக்கத்துக் காம்பராவிலிருந்து தேத்தண்ணி கொண்டுபோகிற நமக்கு இதன் அருமை தெரியும். ‘எனி ஹெல்ப், டெல் மீ’ என்று சொல்வது நல்ல மனசுதான். என்றாலும் என்ன உதவி வேண்டும் என்று யோசிக்கும் வேலையை, யோசிக்கவே முடியாமல் இருப்பவர் தலையில் அது வைத்துவிடுகிறது. ‘ஐ வில் பிரிங் டீ’, ‘ஐ வில் கோல் யுவர் சிஸ்டர்’ என்று செய்யப்போவதைச் சொல்லுங்கள். அதற்கு அவர் தலையசைத்தால் போதும்.

நம்பிக்கை: ‘சொரி’ தவறு செய்தவன் சொல்வது.

இல்லை. பிறர் துயரத்தில் வருந்துவதற்கும் அதே சொல்தான். சாவு வீட்டில் நீங்கள் ‘சொரி’ சொன்னால் மன்னிப்புக் கேட்பதாக யாரும் நினைக்கமாட்டார்கள். உங்களிடம் ஒருவர் சொன்னால் ‘தேங்க் யூ’ என்பதே பதில்.

நம்பிக்கை: தைரியமூட்டுவதுதான் ஆறுதல். ‘டோன்ட் க்ரை’, ‘பி ஸ்ட்ரோங்’, ‘எவ்ரிதிங் வில் பி ஓகே’ என்பவை எப்போதும் பொருந்தும்.

மிகவும் ஆழமாக வேரோடிய நம்பிக்கை இதுதான். அதிகம் காயப்படுத்துவதும் இதுதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் கண்டி, நுவரெலியா மாவட்டங்களை உருக்குலைத்துப் போட்டன. வீட்டையும் வீட்டாரையும் மண்ணுக்குக் கொடுத்தவரிடம் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று எந்த மொழியில் சொன்னாலும் அது பொய். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வேறு அமைப்புகளோடு சேர்ந்து, உளவியல் முதலுதவிக்கென ஒரு கையேடு வெளியிட்டது. பேரிடர் களத்தில் நிற்கும் சாதாரண ஆட்களுக்காக எழுதப்பட்டது. பொய்யான நம்பிக்கை கொடுக்காதீர்கள், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதீர்கள், பேசும்படி வற்புறுத்தாதீர்கள், இன்னொருவர் கதையை இவரிடம் சொல்லாதீர்கள் என்கிறது அது. பார், கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடு: அதன் அடிப்படை இந்த மூன்றும்தான். ‘பேசு’ என்பது அந்த மூன்றில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இலங்கையில் இதை வெகுகாலமாகச் செய்துவருபவர்கள் சுமித்ரயோ அமைப்பினர். 1974இல் ஜோன் டி மெல் தொடங்கியது. மனமுடைந்து வருகிறவர் சொல்வதைத் தொண்டர்கள் கேட்கிறார்கள். புத்திமதி சொல்வதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. பெயரிலேயே நட்பை வைத்திருக்கும் அமைப்பு, நண்பர்கள் முதலில் செய்கிற காரியமான அறிவுரையைத்தான் முதலில் விலக்கியிருக்கிறது.

நம் பாட்டிமாருக்கு இது பாடமாகத் தேவைப்படவில்லை. இழவு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர்கள் ‘அழாதே’ என்று தொடங்குவதில்லை. கட்டிப்பிடித்துக் கூட அழுவார்கள், ஒப்பாரி வைப்பார்கள். தேற்றுதல் அதற்குப் பிறகு. ‘டோன்ட் க்ரை’ நாம் வாழ்த்து அட்டையிலும் சினிமாவிலும் பொறுக்கிக்கொண்டது. அதற்குப் பதில் ‘யூ கேன் க்ரை’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஐ நோ ஹௌ யூ ஃபீல்’ என்பதையும் விட்டுவிடுங்கள், தெரியாது. ‘அட் லீஸ்ட்’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் வேண்டாம். ‘அட் லீஸ்ட் நீ தப்பினாய்’ என்பதைக் கேட்டுக் கொதித்துப்போனவர்கள் உண்டு.

நம்பிக்கை: பிள்ளைகளை உற்சாகப்படுத்த ‘வெரி குட்’, ‘யூ ஆர் ஸோ க்ளெவர்’ போதும்.

‘வெரி குட்’டால் கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை. ‘க்ளெவர்’தான் சிக்கல். க்ளோடியா முல்லர், கெரல் டுவெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த பரிசோதனைகளை 1998இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினரைக் கெட்டிக்காரர் என்று புகழ்ந்தார்கள். இன்னொரு பகுதியினரை நன்றாக உழைத்ததற்காகப் புகழ்ந்தார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லாரும் தடுமாறியபோது, கெட்டிக்காரர் பட்டம் வாங்கியவர்களே சீக்கிரம் சோர்ந்தார்கள். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் கோட்டைவிட்ட பிள்ளையிடம் ‘யூ ஆர் க்ளெவர், டோன்ட் வொரி’ என்றால் அது நம்பப்போவதில்லை. ‘யூ வேர்க்ட் ஹார்ட். லெட் அஸ் ட்ரை அகெய்ன்’ என்றால், அதில் அடுத்து செய்ய ஒரு வேலை இருக்கிறது.

நம்பிக்கை: வெள்ளைக்காரர் உச்சரிப்பு வேண்டும்.

2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசாங்கம் அறிவித்தபோது முன்வைத்த முழக்கமே, ஆங்கிலத்தை நம் வழியில் பேசுவோம் என்பதுதான். அந்தத் திட்டம் எவ்வளவு தூரம் போனது என்பது வேறு கதை, முழக்கம் சரியானது. இதையும் கேளுங்கள்: நாம் காலமெல்லாம் சொல்லிவரும் ‘ஐயோ’வை ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி 2016இல் சேர்த்துக்கொண்டது. ஆக, நெஞ்சில் கைவைத்து ‘ஐயோ’ என்றாலும் நீங்கள் பேசுவது ஆங்கிலம்தான்.

நம்பிக்கை: ஆங்கிலத்தில் சொன்னால்தான் மரியாதை.

வாட்ஸ்அப்பில் ஒருவர் இறந்த செய்தி வந்தால் ‘ஆர்ஐபி’ வரிசை கட்டுகிறது. அது ஆங்கிலம்கூட இல்லை. லத்தீன் பிரார்த்தனையிலிருந்து வந்த சுருக்கம். இறந்தவருக்கான வேண்டுதல் அது, இருப்பவரிடம் எதுவும் சொல்வதில்லை. அம்மாவை இழந்தவருக்குத் தமிழில் இரண்டு வரி எழுத முடிந்தவர் ஏன் மூன்றெழுத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்? நம் சிங்கள அயலவர் வீட்டுத் துக்கத்துக்குப் போகிறவருக்கும் பாடமாக்கிய ஆங்கிலத்தைவிட, ஒரு ‘அனே’யும் பக்கத்தில் சற்று உட்கார்ந்திருப்பதும் மேல். ஆங்கிலம் வேறு பாலம் இல்லாத இடத்துக்கு.

ஒரே ஒரு விஷயத்தில் எந்த மொழியின் வாக்கியத்தையும் நம்பி இருந்துவிடாதீர்கள். ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று யாராவது சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காமல், தனியே விடாமல், 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி அது. இரவு பகல் பாராமல் இயங்குகிறது.