சுவருள்ள செல்லும் சுவரில்லாச் செல்லும்

இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், அட்டப்பாடிப் பகுதிகளிலும் தமிழ் பேசுவோர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். இரண்டு மாவட்டங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தழுவி, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிக் கிடப்பவை. இப்பாடத்தில் மூணாற்றிலிருந்து ஒரு தேயிலைக் கொழுந்தையும், அட்டப்பாடியிலிருந்து ஒரு துளி இரத்தத்தையும் எடுத்துக்கொள்வோம். ஒன்று தாவரம், மற்றொன்று மனித உடலின் பகுதி. இரண்டும் செல்களால் ஆனவை. ஆயினும் ஒன்றுக்கு வாழ்வு தரும் விறைப்பு மற்றொன்றுக்குத் துன்பம் தருவதாகிறது. அது ஏன் என்று காண்போம்.

‘செல்’ என்னும் பெயரே சுவரைப் பார்த்து இடப்பட்டதுதான். 1665ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இராபர்ட் ஊக், தக்கையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். தேன்கூடு போன்ற சிற்றறைகள் தெரிந்தன. சிற்றறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் அவற்றை அழைத்தார். அவர் கண்டவை உயிரற்ற செல்களின் வெறுஞ்சுவர்களே. உள்ளே இருந்தவர் வெளியேறிய வீட்டைப் போன்றவை அவை. தமிழில் கண்ணறை என்றும் உயிரணு என்றும் பெயர்கள் உண்டு. முன்னது சுவரை நினைந்தது. பின்னது உயிரை நினைந்தது. பின்னதே பொருத்தமானது என்பது இப்பாடத்தை எழுதுபவரின் கருத்து. ஏனெனில் விலங்குச் செல்லுக்குச் சுவரே இல்லை. (பழந்தமிழில் ‘செல்’ என்பது கறையானைக் குறிக்கும். ‘செல்லரித்த ஏடு’ என்று படிக்கும்போது உயிரணுவை நினைத்து மயங்க வேண்டா.)

தாவரங்கள் யாவும் செல்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லைடனும், விலங்குகளும் அவ்வாறே என்று 1839இல் ஷ்வானும் கூறினர். ஊக்குக்குப் பின் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டதைக் கவனியுங்கள். விலங்குத் திசுவில் ஒரு செல்லின் எல்லை எளிதில் கண்ணுக்குப் புலப்படாமையும் இத்தாமதத்திற்கு ஒரு காரணமாகும்.

இருவகைச் செல்லுக்கும் பொதுவானவற்றை முந்தைய வகுப்பிலேயே அறிந்திருப்பீர்கள். செல்லைச் சூழ்ந்து, எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்று தெரிவு செய்யும் செல் சவ்வு. உள்ளே கூழ் போன்ற சைட்டோபிளாசம். மரபுச் செய்தியைக் காக்கும் உட்கரு. உணவிலிருந்து ஆற்றலை விடுவிக்கும் மைட்டோகாண்ட்ரியா. புரதங்களைக் கோக்கும் ரைபோசோம்கள். இவற்றோடு தாவரச் செல்லில் மேலும் மூன்று உண்டு. சவ்வுக்கு வெளியே செல்லுலோசால் ஆன செல் சுவர். ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் பசுங்கணிகங்கள். செல்லின் நடுவே பெரும்பகுதியை நிரப்பி நிற்கும் நுண்குமிழ். ‘நுண்’ என்ற பெயரால் ஏமாற வேண்டா. முதிர்ந்த தாவரச் செல்லில் மற்ற உறுப்புகளையெல்லாம் ஓரத்திற்குத் தள்ளிவிடும் அளவுக்கு அது பெரியது. நீரும் உப்புகளும் நிறமிகளும் வேறு பல வேதிப்பொருள்களும் அதனுள் சேமிக்கப்படுகின்றன.

இனி மூணாற்றுக்குச் செல்வோம். தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் பறிப்பது ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’. இதனையே கொழுந்து என்பர். பறித்த கொழுந்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். அந்நீரின் பெரும்பகுதி நுண்குமிழில் உள்ளது. நீர் நிறைந்த நுண்குமிழ் உள்ளிருந்து தள்ளுகிறது. செல் சுவர் வெளியிலிருந்து தாங்குகிறது. இவ்விரண்டின் எதிர்ப்பால் எழும் விறைப்பழுத்தமே எலும்பில்லாத இலையை நிமிர்த்தி நிறுத்துகிறது. காற்றடைத்த மிதிவண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். உள்குழாய் மட்டும் இருந்தால் வெடித்துவிடும். வெளியுறை மட்டும் இருந்தால் சரிந்துவிடும்.

ஆலைக்கு வந்த கொழுந்து முதலில் பல மணி நேரம் காற்றோட்டத்தில் வாட்டப்படுகிறது. நீர் குறைகிறது, விறைப்பு தளர்கிறது, இலை துணிபோல் துவள்கிறது. வாட்டாத இலையை உருட்டினால் மொறுமொறுவென்று உடைந்து சிதறும். வாடிய இலையோ முறுக்குக்கு இசைந்து கொடுக்கும்.

அடுத்து வருவதே இப்பாடத்திற்கு முதன்மையானது. வாடிய இலை எந்திர உருளைகளுக்கிடையே நசுக்கப்பட்டு, கிழிக்கப்பட்டு, சுருட்டப்படுகிறது. ஏன் இத்தனை வன்மை? தேயிலைச் செல்லின் நுண்குமிழில் கட்டெக்கின் முதலிய பாலிஃபீனால் பொருள்கள் உள்ளன. அவற்றை ஆக்சிஜனோடு சேர்க்கும் நொதியோ நுண்குமிழுக்கு வெளியே, பசுங்கணிகம் போன்ற பிற பகுதிகளில் இருக்கிறது. உயிருள்ள இலையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. இடையே நிற்பது மிக மெல்லிய சவ்வு ஒன்றே. உருளைகள் அச்சவ்வைக் கிழிக்கின்றன. நொதியும் பாலிஃபீனாலும் காற்றும் கலக்கின்றன. ஓரிரு மணி நேரத்தில் பச்சை இலை செம்பழுப்பாகிறது. தேநீரின் நிறமும் துவர்ப்பும் மணமும் இவ்வாறு பிறந்தவை. இதை ஆலைகளில் நொதித்தல் என்று கூறினாலும், மாவு புளிப்பது போல நுண்ணுயிரிகள் செய்யும் வேலை அன்று இது, ஆக்சிஜனேற்றமே ஆகும். பின்னர் வெப்பக் காற்றில் உலர்த்தும்போது நொதி செயலிழந்து, மாற்றம் நின்றுவிடுகிறது. நசுக்குவதற்கு முன்பே ஆவியிலோ சட்டியிலோ சூடேற்றி நொதியை அழித்துவிட்டால் கிடைப்பது பச்சைத் தேயிலை. ஒரே செடி, ஒரே கொழுந்து. சவ்வு எப்போது கிழிகிறது என்பதே வேறுபாடு.

கொழுந்துப் பையை இறுக்கி அமுக்கி நிரப்பக் கூடாது என்று தோட்டங்களில் அறிவுறுத்துவதன் காரணமும் இதுவே. நசுங்கிய இலையின் செல்கள் பையினுள்ளேயே உடைந்து, ஆலையைச் சேரும் முன்னரே சிவக்கத் தொடங்கிவிடும். அவ்விலைக்குத் தரம் குறையும். நாள் முழுதும் சரிவில் நின்று பறித்தவரின் உழைப்பு, கண்ணுக்குத் தெரியாத ஒரு சவ்வின் நலத்தைச் சார்ந்து நிற்கிறது.

சுவர் இல்லாத நிலை தாவரத்தில் எங்கும் இல்லையா என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்பிற்கு வந்து ஓர் இளநீரை வெட்டிப் பாருங்கள். அந்நீர் வெறும் நீர் அன்று. உட்கருக்கள் பல, இடையே சுவர் எழாமல் மிதக்கும் திரவத் திசு அது. காய் முதிர முதிர உட்கருக்களைச் சுற்றிச் சுவர்கள் எழுகின்றன. வழுக்கை உருவாகிறது, பின்னர் பருப்பாகக் கெட்டிப்படுகிறது. செல் சுவர் எழுவதை நாவால் உணரக் கிடைக்கும் இடம் இதைவிட வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

செயல்பாடு: சிவப்பு வெங்காயத்தின் செதிலில் நிறமுள்ள மெல்லிய தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் விரித்து நுண்ணோக்கியில் காண்க. செங்கல் அடுக்கியது போன்ற செல்கள் தெரியும். இப்போது நீருக்குப் பதிலாக அடர்ந்த உப்புக் கரைசலை இடுக. சில நிமிடங்களில் சிவந்த பகுதி சுவரை விட்டு விலகி உள்நோக்கிச் சுருங்கும். சுவர் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். பிறகு தூய பற்குச்சியின் மழுங்கிய முனையால் உள்கன்னத்தை மெல்லத் தேய்த்து, மற்றொரு தகட்டில் பூசி, மெத்திலீன் நீலம் ஒரு துளி சேர்த்துக் காண்க. ஒழுங்கற்ற வடிவில், ஓரங்கள் மடிந்த செல்கள் தெரியும். முன்னதில் சுவர், பின்னதில் சவ்வு மட்டும். இரண்டையும் அருகருகே வரைந்து பாகங்களைக் குறிக்க.

சுவரில்லாமை விலங்குச் செல்லின் குறை அன்று. அதனால்தான் தசை சுருங்குகிறது. வெள்ளணு வடிவத்தை மாற்றிக்கொண்டு கிருமியை விழுங்குகிறது. சிவப்பணு இதற்குத் தலைசிறந்த சான்று. இருபுறமும் குழிந்த தட்டு வடிவம். குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். உடலின் மிக நுண்ணிய இரத்த நாளங்கள் இதைவிடக் குறுகலானவை. ஆகவே சிவப்பணு மடிந்து, நீண்டு, நெளிந்தே அவற்றைக் கடக்க வேண்டும். மனிதச் சிவப்பணுவில் முதிர்ந்தபின் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. (கோழியிலும் தவளையிலும் உட்கரு உண்டு.) எல்லாவற்றையும் துறந்து அது சுமப்பது ஹீமோகுளோபின் என்னும் புரதத்தை, ஓர் அணுவில் ஏறத்தாழ 27 கோடி மூலக்கூறுகள். மைட்டோகாண்ட்ரியா இல்லாமையால், தான் சுமக்கும் ஆக்சிஜனைத் தான் செலவிடுவதில்லை. சுமார் 120 நாள் ஓடி உழைத்தபின் அழிகிறது.

இனி அட்டப்பாடி. பவானியும் சிறுவாணியும் பாயும் இம்மலைப் பகுதியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். இங்கும் அண்டை நீலகிரி, வயநாட்டு மலைகளிலும் அரிவாள் செல் இரத்த சோகை என்னும் மரபுநோய் காணப்படுகிறது. இந்தியாவில் இது முதன்முதலில் அறியப்பட்டதும் இம்மலைத் தொடரில்தான்: 1952இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடையே இதனைக் கண்டு எழுதினர். இது எந்த ஓர் இனத்திற்கும் உரிய நோய் அன்று. ஆப்பிரிக்காவிலும், மத்திய தரைக்கடல் நாடுகளிலும், ஒடிசா, சத்தீஸ்கர், மகாராட்டிரம், குஜராத் மாநிலங்களிலும் உண்டு.

நோயின் வேர் மிகச் சிறியது. ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்நோயில் அங்கே வேலின் இருக்கிறது. நீண்ட வாக்கியத்தில் ஓர் எழுத்து மாறியது போன்றது இது. ஆனால் ஆக்சிஜனை இறக்கிவைத்த கணத்தில் மாறுபட்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. அவ்விழைகள் சவ்வை உள்ளிருந்து முட்டி, அணுவை அரிவாள் போல வளைத்து விறைக்கச் செய்கின்றன. தேயிலைச் செல்லை நிமிர்த்தி நிறுத்திய விறைப்பு, இங்கே நெளிய வேண்டிய அணுவை நெளியவிடாமல் தடுக்கிறது. விறைத்த அணுக்கள் நுண்நாளங்களில் சிக்கி வழியை அடைக்கின்றன. அப்பால் உள்ள திசு ஆக்சிஜனின்றித் தவிக்கிறது. கை கால்களிலும் முதுகிலும் மார்பிலும் கடும்வலி எழுகிறது. இத்தகைய அணுவின் ஆயுளும் 10 முதல் 20 நாள் மட்டுமே. எலும்பு மஜ்ஜை எவ்வளவு விரைந்து புதியன ஆக்கினாலும் ஈடுகட்ட இயலாமையால் இரத்த சோகை தொடர்கிறது. வகுப்பில் அடிக்கடி சோர்ந்து அமரும், விளையாட்டில் மூச்சு வாங்கும் தோழர் சோம்பேறி அல்லர். அவருடைய அணுக்கள் பாதி வழியில் நின்றுவிட்டிருக்கலாம்.

இது தொற்றுநோய் அன்று. உடன் உண்பதாலோ உறங்குவதாலோ வராது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால் மட்டுமே நோய் தோன்றும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கடத்துநர். பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். கடத்துநருக்குக் கொடிய வகை மலேரியாவை எதிர்க்கும் ஆற்றல் சற்று மிகுதி என்று 1954இல் ஆலிசன் காட்டினார். கொசு மிகுந்த காடுகளில் இம்மரபணு அழியாமல் நிலைத்ததன் காரணம் அதுவே. தீங்கு என்று நாம் பெயரிட்டது முன்னோர் பலரைக் காத்தும் இருக்கிறது. கடத்துநர் இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கடத்துநராக நான்கில் இரண்டு பங்கு. இரண்டுமின்றிப் பிறக்க நான்கில் ஒரு பங்கு.

ஒரு துளி இரத்தத்தால் இதனைக் கண்டறியலாம். கண்டறிந்தபின் செய்யத்தக்கவை பல. போதிய நீர் அருந்துதல், கடுங்குளிரையும் மிகுந்த களைப்பையும் தவிர்த்தல், தொற்றுகளுக்குத் தடுப்பூசி, மருத்துவர் அறிவுரைப்படி ஹைட்ராக்சியூரியா மாத்திரை ஆகியவை வலியைக் குறைக்கின்றன. நீர் ஏன் என்பது உங்களுக்கு இப்போது விளங்கும்: அணுவினுள் நீர் குறைந்தால் ஹீமோகுளோபின் நெருங்கும், நெருங்கினால் இழைகள் விரைவில் உருவாகும். 2047ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிக்கும் குறிக்கோளுடன் தேசிய இயக்கம் ஒன்று 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் இளையோருக்குப் பரிசோதனை செய்து, அவரவர் நிலையைக் குறிக்கும் அட்டை வழங்குவது அதன் பணிகளுள் ஒன்று.

பயிற்சி

1. வாடிய கீரையை நீரில் இட்டால் மீண்டும் நிமிர்கிறது. வேகவைத்த கீரையை இட்டால் நிமிர்வதில்லை. செல் சவ்வை நினைவிற்கொண்டு காரணம் எழுதுக.

2. சிவப்பணுவுக்குச் செல் சுவர் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.

3. வெட்டிய வாழைக்காயும் கத்திரிக்காயும் கருப்பதற்கும் தேயிலை சிவப்பதற்கும் உள்ள ஒற்றுமை யாது? வீட்டில் வெட்டிய துண்டுகளை உடனே நீரில் இடுவது ஏன்?

4. விறைப்பு, துவளல், நெளிவு, மடிவு ஆகிய சொற்களைத் தாவரச் செல், விலங்குச் செல் என இரு தலைப்பில் வைத்துச் சொந்தத் தொடர்களில் அமைக்க.

5. கடத்துநர் என்று பரிசோதனையில் தெரிந்த அக்கா ஒருவருக்கு, அவர் அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது என்று விளக்கி ஒரு மடல் எழுதுக.